மாமாவின் கொப்பியில் இல்லாத கட்டம்

ஜூன் 6, சனி

காலை முழுக்க மழை. ஃபுட்போல் மைதானம் சேறு. சப்பாத்தைக் கழுவிப் பல்கனியில் வைத்திருக்கிறேன். நாளைக்கும் காயாது.

வென்றோம். டிலானி முப்பது தடவை எறிந்தாள், இருபத்தொன்று பிடிபட்டது. மூன்று டச் டவுன். ஒருமுறைகூட அவளை யாரும் விழுத்தவில்லை. அந்தச் சேற்றுக்குள் விளையாடிவிட்டு வெள்ளைக் காற்சட்டையை வெள்ளையாகவே வீட்டுக்குக் கொண்டுபோனாள். என்னுடையதை வோஷிங் மெஷினுக்குள் போடவே விடமாட்டேன் என்கிறார் அம்மா.

வலது நடுவிரல் திரும்பவும் வீக்கம். ஐஸ், டேப். திங்கட்கிழமைக்குள் மடங்கினால் போதும், கேக் வேலை இருக்கிறது.

முடிந்ததும் எல்லோரும் டிலானியைத் தூக்கினார்கள். நானும்தான். கால் பக்கம்.

ஜூன் 7, ஞாயிறு

பூசை. வாசலில் ஓர் அன்ரி தமிழ்ப் பத்திரிகையோடு என்னை மறித்தார். டிலானியின் படம் வந்திருக்கிறது. "உம்மட மச்சாள் எல்லே?" ஓம், மாமாவின் மகள். "நீரும் இந்தக் கையாலை எறிஞ்சு, ஆளை மோதி விழுத்துற ஃபுட்போல் விளையாடுறீர் எண்டு கேள்வி. என்ன செய்யிறனீர்?" குனிந்து பந்தைக் கால்களுக்கிடையால் பின்னுக்குக் கொடுக்கிறனான் என்றேன். அன்ரிக்கு முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது.

நல்ல படம். டிலானி எறியக் கை ஓங்கி நிற்கிறாள். ஓரத்தில் யாருடையதோ முழங்கை. அது என்னுடையது.

பேட்டியும் உண்டு. மைதானத்தை வாசிப்பது தனக்கு இயல்பாகவே வருமாம். நாலு செக்கன் கிடைத்தால் யாரும் வாசிக்கலாம். இரண்டாவது செக்கனில் ஒருத்தி நெஞ்சில் வந்து ஏறினால் அப்போது பார்ப்போம் வாசிப்பை. மிச்ச இரண்டு செக்கன் எங்கேயிருந்து வருகிறது என்று பத்திரிகைக்காரர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

யாரும் கேட்கப்போவதில்லை, எனக்காக எழுதிவைக்கிறேன். அந்த இருபத்தொன்றுக்குள் இருப்பது:
– டிலானிக்கு முன்னால் லைனில் நின்று எதிரணியை மறிக்கும் நாங்கள் ஐந்து பேர்.
– ஷானிஸ். தலைக்கு மேலே போன நாலு பந்தை எட்டிப் பிடித்தாள். எண்ணினேன்.
– எதிரணியின் மோசமான பின்வரிசை.
– டிலானியின் கை. அதுவும்தான். இல்லை என்று சொல்லவில்லை.

அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை எடுக்க வேண்டும். முட்டை. டேப் இரண்டு ரோல்.

ஜூன் 8, திங்கள்

முகில். மல்வேர்னில் இருந்து மில்லிக்கனுக்கு முதல் பஸ் வரவேயில்லை. பேக்கரிக்குப் பதினைந்து நிமிடம் பிந்தினேன். முதலாளி அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். மீன் பணிஸ், ரோல்ஸ், பிறகு இரண்டு பிறந்தநாள் கேக்.

பதினொன்றுக்கு மாமியின் ஃபோன். சனிக்கிழமை பின்னேரம் வீட்டில் பார்ட்டி, டிலானியின் சீசனுக்கு. பெரிய கேக். மேலே ஃபுட்போல் ஒன்று, டிலானி என்று பெயர், அவளின் ஏழாம் நம்பர். "உங்கட கையாலை நீங்களே எழுதுங்கோ பிள்ளை, வேறை ஆருக்கும் அந்த எழுத்து வராது."

வராதுதான்.

ஜூன் 10, புதன்

நல்ல வெயில். பயிற்சி ஏழு மணிக்கு. அதற்கு முன்னரே பட்டியல் வந்துவிட்டது. மாகாண அணித் தெரிவு முகாமுக்கு எங்கள் அணியில் இருந்து ஒரே ஒரு பெயர். டிலானி.

நான் கோச்சிடம் போய்க் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கெட்ட மனுசி இல்லை அவர். பெயரோடு எத்தனை எறிந்தாள், எத்தனை பிடித்தாள் என்ற நம்பரும் அனுப்பச் சொன்னார்களாம், உனக்கு அனுப்ப என்னிடம் ஒரு நம்பரும் இல்லையே என்றார். அடுத்த தெரிவு இரண்டு வருடம் கழித்து. எனக்கு அப்போது முப்பத்தைந்து. இந்த முழங்காலுக்கு ஐம்பது.

டிலானியை இந்த அணிக்குக் கூட்டிவந்தது நான். ஆறு வருடத்துக்கு முதல், என்னுடைய பழைய ஹெல்மெட்டோடு.

பயிற்சி முடிய மாமாவிடம் போனேன். எங்கள் ஆட்டக் கணக்கு முழுக்க அவர் கையில். ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் தரம் பார்த்தவர். பெல்ட்டில் ஓடும் சாமானில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் பிடித்துவிடுவார் என்று அம்மா பெருமையடிப்பார். இப்போது பென்சனில், சதுரக் கொப்பியும் அடிமட்டமுமாக மைதான ஓரத்தில் இருக்கிறார். எறிந்தது, பிடிபட்டது, தூரம், டச் டவுன், விழுத்தப்பட்டது. எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு போட்டுக் கட்டம். லைனுக்கும் ஒரு கட்டம் போடலாமே மாமா என்றேன். எத்தனை தடவை மறித்தோம், எத்தனை தடவை விட்டோம் என்று.

சிரித்தார். "உதுக்கு நம்பர் இல்லைப் பிள்ளை. பந்து தொடுற ஆக்களுக்குத்தான் நம்பர்."

ஒவ்வொரு தடவையும் முதலில் பந்தைத் தொடுவது நான். சொல்லவில்லை. உடுப்பு மாற்றும் அறைக்குள் போய் அழுதேன். வெட்கமாக இருக்கிறது எழுத.

ஜூன் 12, வெள்ளி

வெயில். கேக் முடிந்தது. சொக்லெட் ஐசிங்கில் பந்து, வெள்ளைத் தையல், எட்டுத் தையலும் ஒரே இடைவெளி. டிலானியின் "டி" சுழித்து வர வேண்டும், வீங்கிய விரலோடு மூன்று முறை அழித்து எழுதினேன். முதலாளி அண்ணை வந்து பார்த்து, இதைப் படமெடுத்துக் கடைச் சுவரில் போட வேண்டும் என்றார்.

கேக் பழுதானால் பெயர் எனக்கு. நன்றாக வந்தால் மேலே இருப்பது அவள் பெயர். என் வாழ்க்கை முழுக்க இந்தக் கேக்தான்.

பல் வலி. இடது பக்கம்.

ஜூன் 13, சனி

வெயில். ஒரு முகில் இல்லை. ஐந்து நாளாக மழையும் இல்லை, மைதானம் கல்லாகக் காய்ந்து கிடந்தது. மாமா பெரிய தொப்பி போட்டுக்கொண்டு வழக்கமான கதிரையில்.

எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன். எழுதாவிட்டால் எனக்கே பொய்யாகிவிடும்.

மூன்றாம் கால் பகுதி. நாங்கள் பத்துப் புள்ளி முன்னுக்கு. டச் டவுன் எறிந்துவிட்டு வந்த டிலானி கமராக்காரரைப் பார்த்து ஏழு விரல் காட்டினாள். ஷானிஸ் பாய்ந்து, விழுந்து பிடித்த பந்து அது. ஷானிஸ் முழங்கையில் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த முறை பந்து எங்களிடம் வந்தபோது, குனியமுதலே பார்த்துவிட்டேன். எதிரணியின் 54ஆம் நம்பர், பெரியவள், என் இடது பக்க இடைவெளிக்குள் வரத்தான் நிற்கிறாள். குதிக்கால் தூக்கி இருக்கிறது. எவள் வருகிறாள் என்று லைனுக்குக் கத்திச் சொல்வது என் வேலை. அவளை மறிப்பதும் என் வேலை.

கத்தவில்லை. பந்தைக் கொடுத்தேன். தோளை ஒரு சாண் திருப்பினேன். அவ்வளவுதான், ஒரு சாண். 54 என்னை உரசாமலே போனாள்.

ஒரே ஒரு தடவை விழட்டும், என்னால்தான் நிற்கிறாய் என்று தெரியட்டும் என்றுதான் நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை. ஆண்டவர் அறிய.

பின்னால் சத்தம். காய்ந்த தடி முறிகிற சத்தம்.

டிலானிக்குத் தோளடியில் காறை எலும்பு முறிவு. அம்புலன்ஸில் மாமி போனார். மாமாவும் ஏறினார், கொப்பி கதிரையிலேயே கிடந்தது. எடுத்துக்கொடுக்கத் திறந்தேன். டிலானியின் வரியில், விழுத்தப்பட்டது: 1.

அவளுடைய கணக்கில்தான் விழுந்திருக்கிறது. எனக்கு அதற்கும் கட்டம் இல்லை.

ஜூன் 14, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. வயிற்றுக்கோளாறு என்றேன். அம்மா இஞ்சி போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். குடிக்க முடியவில்லை.

ஜூன் 15, திங்கள்

மழை தூறல். கேக்கை யாரும் எடுக்க வரவில்லை, பேக்கரி ஃபிரிட்ஜில் நிற்கிறது. முதலாளி அண்ணை பெயரைச் சுரண்டிவிட்டுத் துண்டாக வெட்டி விற்கச் சொன்னார். சுரண்டினேன். பின்னேரத்துக்குள் முழுவதும் விற்றுவிட்டது.

ஜூன் 17, புதன்

டிலானியைப் பார்க்கப் போனேன். ஒப்பரேஷன் முடிந்து வீட்டில். தலைமயிரைத் தானே கட்ட முடியாது, மாமி கட்டிவிட்டிருந்தார். சின்னப்பிள்ளை மாதிரி இருந்தாள். முகாமுக்கு இனி வரத் தேவையில்லை என்று எழுதிவிட்டார்களாம்.

நான் வாயைத் திறக்க, அவள் முந்திக்கொண்டாள். "மச்சாள், ஐ ஹெல்ட் இட் டூ லோங். பந்தைக் கனநேரம் வச்சுக்கொண்டு நிக்காமல் எறிஞ்சிருக்க வேணும். என்ர பிழை. நீங்க எனக்காக எவ்வளவு கஷ்டப்படுறனீங்கள், நான் ஒரு நாளும் சொன்னேல்லை."

இத்தனை வருடம் நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. இன்றைக்கா சொல்ல வேண்டும். அவளுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன். ஒரு சுளைகூடப் பிய்யாமல், கவனமாக. உண்மையைச் சொல்லவில்லை. கோழை.

ஜூன் 20, சனி

முகில், காற்று. டிலானியின் இடத்தில் புதுப் பிள்ளை. இதுவரை ஓர் ஆட்டம்கூட முழுதாக விளையாடாதவள், தொடங்கமுதல் இரண்டு தடவை வாந்தி. நான் ஒருத்தியையும் கிட்ட விடவில்லை. முழங்கால் போனால் போகட்டும் என்று நின்றேன். ஷானிஸும் எல்லாவற்றையும் பிடித்தாள்.

முப்பதில் இருபது பிடிபட்டது. டிலானியை விட ஒன்றுதான் குறைவு.

நான் சொன்னது சரி. தொடக்கத்தில் இருந்தே சரி. யாரிடம் போய்ச் சொல்ல.

புதுப் பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். கையை எடு என்று சொல்லிவிட்டேன். பாவம்.

முகாமில் ஓர் இடம் காலி, எங்கள் அணியில் இருந்து வேறு பெயர் தரலாமாம் என்றார் கோச். உன் பெயரை நினைக்கிறேன், ஆனால் நம்பர்?

ஜூன் 21, ஞாயிறு

விடியவே வெக்கை. பூசை முடிந்து மாமா வந்தார். தனியாக. காரைக்கூட நிறுத்தவில்லை, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றபடியே சதுரக் கொப்பியை நீட்டினார்.

கோச் வாரத் தொடக்கத்திலேயே அவரிடமும் கேட்டிருக்கிறார். வாரம் முழுக்க ஆட்ட வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார் மனிதர். என் பெயருக்கு ஒரு பக்கம். புதுச் சிவப்புக் கோடு. மறித்தது, விட்டது என்று இரண்டு கட்டம். எல்லா ஆட்டமும் இருக்கிறது. விட்டது என்ற கட்டத்தில் மேலிருந்து கீழே பூச்சியம், பூச்சியம், பூச்சியம். 13ஆம் திகதிக்கு நேரே மட்டும் 1. பக்கத்தில் சின்ன எழுத்தில்: நிலம் ஈரம், வழுக்கியது.

"இதை அனுப்பும்," என்றார். "உமக்குக் கிடைக்கும்."

அன்று ஒரு சொட்டு மழை இல்லை. அவரே தொப்பியோடு வெயிலில் இருந்தவர். முப்பது வருடம் வெடிப்புப் பார்த்த கண். அவருக்குத் தெரியும்.

அம்மா குசினியில் இருந்து, "அண்ணை, தேத்தண்ணி ஊத்திப்போட்டன், இருங்கோ" என்றார்.

வேண்டாம் என்றார் மாமா. எங்கள் வீட்டில் இதுதான் முதல் தடவை.