இருபத்தெட்டு ஈர்க்குச்சி

1-3, ஞாயிறு

காலையிலிருந்தே அனல். மன்னிக்கணும், எழுத உட்காரும்போது இரவு மணி பதினொன்றரை. "தெனமும் எழுதி வையி, வந்து படிக்கறேன்" என்று நீங்கள் வாங்கித் தந்த நோட்டு. நான்கு நாளாகத் தொடவில்லை. எழுதினால் பயத்தைத்தான் எழுதுவேன் என்று.

உங்கள் போர்வெல் ரிக் வண்டி சத்தீஸ்கர் காட்டுக்குள் போய் ஐந்து நாள். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதெல்லாம் ஒரே டிக். ஆபீஸுக்குப் போன் செய்தேன். மேனேஜர்: "சிக்னல் இல்லாத எடமுங்க. போர் ஓட்டி முடிச்சுட்டுத்தான் வெளிய வருவாங்க. பயப்படாதீங்க." அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மாலை ஏழரை, உங்கள் கதை நேரம் ஆனதும் யாழினி பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தொட்டி மணலில் இருபத்தெட்டு ஈர்க்குச்சி. போனில் நீங்கள் சொன்ன ஒவ்வொரு நாள் கதைக்கும் ஒன்று. ஒரு குச்சி துளை போடும் ஒரு ராடு, இருபது அடி ஆழம். பூமி விழுங்கிய தண்ணீரைத் திருப்பிக் கேட்க ஏழு உலகம் இறங்கும் மண்ணாழிதான் கதாநாயகன். முதல் உலகம் வெறும் மண், சரிந்துகொண்டே இருக்கும். கூட வந்த நெடுங்கைப் பூதம், "நான் சுவத்தப் புடிச்சுக்கறேன், நீ போயிட்டு வா" என்று அங்கேயே நின்றுகொண்டது. அப்புறம் சுக்கான் ராஜா, கரும்பாறை ராணி, யார் யாரோ. ஏழாம் உலகத்துக் கதவைத் தட்டியதோடு உங்கள் போன் நின்றது.

"நாளைக்கு அப்பா கூப்புடுவாரு கண்ணு."

"நேத்தும் இதேதான் சொன்ன."

2-3, திங்கள்

கேஸ் புக் செய்தாயிற்று. யாழினிக்கு நகம் வெட்டியாயிற்று. கதையை நானே முடித்தாயிற்று. கடைசி மட்டும் தப்பு.

மண்ணாழி தண்ணீரைக் கண்டான். 'நான் மேலே போகிறேன், பதிலுக்கு ஒருத்தர் கீழே இருக்கணும்' என்றது தண்ணீர். அவன் இருந்துவிட்டான். மேலே கிணறெல்லாம் நிறைந்தது.

இந்த நிபந்தனை எங்கிருந்து என் வாயில் வந்தது? ஆறு நாளாக உள்ளே கிடந்த பயம்தான்.

அவள் அழவில்லை. "செரி" என்றாள். தொட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் படுத்தாள். அழுதிருந்தால் தேவலை.

3-3, செவ்வாய்

மாலை நான்கு மணி. பக்கத்து வீட்டுக் கோழிப்பண்ணை சரசக்கா ஒரு அட்டை முட்டையோடு வாசலில். கண்ணெல்லாம் சிவப்பு.

"ஏங்கண்ணு, எங்கிட்டக்கூடச் சொல்லலியே?"

"என்னதுக்கா?"

"அப்பா குழிக்குள்ளயே இருந்துட்டாரு, தண்ணி மட்டும் வந்துச்சுன்னு பாப்பா ஸ்கூல் வேன்ல சொல்லியிருக்கறா. வேன்காரரு பண்ணையில நிறுத்திச் சொல்லிட்டுப் போறாருடி!"

அது நான் சொன்ன கதை என்று விளக்கிச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அட கெரகமே! பிஎஸ்சி படிச்சவ புள்ளைக்குச் சொல்ற கதையப் பாரு. அந்த மனுசன் வந்து கேட்டா உன்னையக் குழிக்குள்ள எறக்குவாரு!"

இரண்டு பேரும் சிரித்தோம். முட்டையை வைத்துவிட்டுத்தான் போனாள். கதவைச் சாத்தியதும் போனை எடுத்து டிக் பார்த்தேன். அது கதைதான் என்று தெரியும். ஆனாலும் ஒரு நிமிடம், அக்காவின் முகத்தில் அந்தச் சேதியைப் பார்த்துவிட்டேன்.

4-3, புதன்

காலை, ஜடை பின்னும்போது:

"அம்மா, ராடு எடுக்கோணுமில்ல?"

"எந்த ராடு?"

"இருவத்தெட்டும் கீழயே கெடக்குது. உட்டுட்டு வந்தா அடுத்த போர் பாயிண்டுக்கு எப்படிப் போறதாம்? அப்பா ஒண்ணுகூட உட்டுட்டு வர மாட்டாரு."

"மண்ணாழிதான் அங்கயே..."

"அவன் கடைசி ராடப் புடிச்சுட்டு வருவான். தள்ளி நில்லு, ரிப்பன நானே கட்டிக்கறேன்."

எனக்குத் தோன்றவேயில்லை இது.

மாலையில் நான் கதை சொல்லச் சொல்ல ஏழு குச்சி உருவினாள். இறக்குவதுதான் மெதுவாம், எடுப்பது வேகமாம். தொழில் தெரிந்த பெண். மண்ணாழி ஏற ஏறப் பின்னால் ஒவ்வொரு உலகமும் மூடிக்கொள்கிறது. கரும்பாறை ராணி கையசைத்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

"இனிமே அவ கதையில வர மாட்டாளா?"

"இல்ல சாமி."

இன்னும் ஒரே டிக்.

6-3, வெள்ளி

வேன் அரை மணி தாமதம். அதற்குள் ஹைவே வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வந்தேன்.

நேற்று ஏழு, இன்று ஏழு. தொட்டியில் மிச்சம் ஏழு. நாளைக்கு மண் உலகம். நெடுங்கை அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "அவன் என் கட்டில்ல படுத்துக்கட்டும், காலு மட்டும் வெளிய நீட்டிக்கலாம்" என்று யாழினி இடம் ஒதுக்கிவிட்டாள். நெடுங்கையும் மேலே வந்துவிட்டால், ஒருத்தர் கீழே வேணும் என்று கேட்ட தண்ணீருக்கு நான் யாரைக் கொடுப்பது? நடந்ததெல்லாம் எழுதி, 'நெடுங்கையை என்ன செய்ய?' என்று உங்களுக்கு அனுப்பினேன். ஒரே டிக்.

7-3, சனி

மத்தியானம் குக்கரில் இரண்டாவது விசில். இரண்டு டிக்! அடுப்பை அணைக்க மறந்து சாதம் அடிப்பிடித்தது.

பின்னாலேயே உங்கள் ஆறு நிமிடக் குரல் மெசேஜ், பாதிக்கு மேல் ரிக் கம்ப்ரசர் சத்தம். முதல் வார்த்தை, "சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?" அங்கேயே நிறுத்தி மூன்று முறை கேட்டேன்.

அப்புறம் அவளுக்கு: "எல்லா ராடும் மேல வந்துரும் சாமி. கேசிங் பைப்பு மட்டும் வராது. அத உருவுனா மண்ணு சரிஞ்சு தண்ணி மூடிக்கும். நெடுங்கைதான் கேசிங். அவன் வர மாட்டான். ஆனா காலையில கொழாயத் தொறந்தா, தண்ணி வர்றதுக்கு முந்தி கொர்ர்ருன்னு சத்தம் வருமில்ல? அது அவன்தான், எல்லாரும் நல்லாருக்கீங்களான்னு கேக்கறான். பதில் சொல்லிப்போடோணும்."

எனக்குக் கடைசியில் அரை நிமிடம்: "இன்னும் ரெண்டு பாயிண்டு இருக்குது. உள்ள போறோம்."

நான் கூப்பிட்டபோது தொடர்பு எல்லைக்கு வெளியே.

யாழினி அழுதாள். ஒரு மணி நேரம், மூக்கு ஒழுக ஒழுக. பிறகு ஏழு குச்சியையும் அவளே உருவினாள். மண்ணாழி வெளியே வந்து உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டான். அவ்வளவுதான் கதை.

8-3, ஞாயிறு

காலை ஆறரை, பின்பக்கக் குழாய். கொர்ர்ர்.

"நாங்க நல்லாருக்கறம் நெடுங்கை!" என்று குழாய்க்குள் கத்தினாள். "நீயும் சொல்லும்மா." சொன்னேன். சரசக்கா மதில் மேலாக எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

மாலை ஏழரைக்கு வேலை இல்லை. காலித் தொட்டியில் கொத்தமல்லி விதைத்துவிட்டுச் சீக்கிரமே தூங்கிவிட்டாள். வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும். இன்னும் எத்தனை நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கணும் என்று நெடுங்கையிடம் யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அவனும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். டிக் விழும்போது விழட்டும். என்றைக்கு வருகிறீர்கள்? சீக்கிரம் பதில் போடுங்க.