மதுரையிலிருந்து உன் ஊருக்கு ஓர் அம்புக்குறி

இன்று காலை ஒரு மாணவி, பிரசவத்துக்கு ஜனங்கள் எங்கே போகிறார்கள் என்ற தன் ஆய்வுக்கான வரைபடத்தை என் மேசையில் விரித்தாள். கறுப்பு மசி இன்னும் காயவில்லை. அந்த வாடை மூக்கில் ஏறியதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருச்சுழிச் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து அம்புக்குறிகள் எல்லாம் ஒழுங்குப் பிள்ளைகளாக அருப்புக்கோட்டையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தன. "பொம்பளைங்ககிட்டக் கேட்டியா?" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் மிரண்டுபோனாள். பாவம், அவள் என்ன செய்வாள்? அடியே, நீ போய்ப் பத்து வருஷம் ஆகப்போகிறது. இன்னும் உன்னால் நான் யாரையாவது திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மதுரையில் நம் எம்.ஏ. பூகோள வகுப்பில் நாம் இரண்டு பேர்தான் கரிசல்காட்டுப் பெண்கள். பேராசிரியர் கரும்பலகை முழுக்கத் தேன்கூடு போல ஆறு மூலைக் கட்டங்களாக வரைவார். உப்புக்கும் தீப்பெட்டிக்கும் சின்ன ஊர் போதும், துணிமணிக்கு அதைவிடப் பெரிய ஊர், நகைக்கும் வைத்தியத்துக்கும் டவுன், இப்படித்தான் ஊர்கள் படிப்படியாக அமைகின்றன என்பார். எனக்கு அது பிடித்திருந்தது. வீரசோழனில் ஏன் அத்தனை வியாபாரம், பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில் ஏன் ஒரே ஒரு பெட்டிக்கடை என்று அப்போதுதான் விளங்கியது. நீயோ என் காதருகே, "பாலவனத்தத்துக்காரன் காலையில அருப்புக்கோட்டைக்கும் போவான், சாயந்தரம் விருதுநகருக்கும் போவான். அவன எந்தக் கட்டத்துக்குள்ளடி அடைக்கிறது?" என்றாய். நான் சிரித்துத் தொலைத்தேன். வகுப்புக்கு வெளியே நின்றது நான்.

அந்த வருஷம்தான் மகப்பேறு நிலையம் எங்கே வைக்கலாம் என்று அதிகாரிகள் நம் துறையைக் கேட்டிருந்தார்கள். ஊர் ஊராக விசாரித்து வர நம்மை அனுப்பினார்கள். உன் ஊரிலேயே தொடங்கினோம். பிரசவத்துக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டால் ஆண்கள் எல்லாரும் ஒரே வாயாக, "அருப்புக்கோட்டை ஆசுபத்திரிதான், வேறென்ன" என்றார்கள். நான் எழுதிக்கொண்டேன். நீ எழுதவில்லை. மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் போய் உட்கார்ந்தாய்.

"மொதப் பிள்ளைய எங்க பெத்தீக?"

"எங்க ஆத்தா வீட்லதான். பெறகு எங்க பெப்பாக?" என்றாள் ஒருத்தி. "எம் மகளும் மதுரையிலதான் வாக்கப்பட்டிருக்கா. வளைகாப்புப் போட்டுக் கூட்டியாந்துட்டோம்ல."

"மதுரையில அம்புட்டுப் பெரிய ஆசுபத்திரி இருக்கே, இங்கயா கூட்டியாந்தீக?"

அவள் உன்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆசுபத்திரியில டாக்டரம்மா இருப்பாக தாயி. ஆத்தா இருப்பாளா?"

எந்த ஊரில் கேட்டாலும் இதே பதில்தான். விடுதிக்குத் திரும்பியதும் நீ வரைந்த படத்தில் அம்புக்குறிகள் மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் புறப்பட்டு, நாளுக்கு ஒரு பஸ் எட்டிப்பார்த்தாலே அதிகம் என்கிற ஊர்களுக்குப் போயின. பேராசிரியர் பார்த்ததும் சிரித்தார்.

"ஏம்மா, ஜனங்க சின்ன ஊர்லேருந்துதான் பெரிய ஊருக்குப் போவாங்க. தலைகீழாப் போட்டிருக்கியே. திருத்திட்டு வா."

"தலைகீழா இல்லைங்கய்யா. பொம்பளைக இப்படித்தான் போறாக. அப்ப மருத்துவச்சியம்மாவும் அங்கதான இருக்கணும்?"

"பிரசவம் வீட்டு விஷயம். அதெல்லாம் பூகோளத்தில வராது."

வேறொரு மாணவனை வைத்து வேறு படம் வரைந்து அனுப்பினார். கடைகளும் பஸ்களும் நிறைந்த, ஏற்கெனவே எல்லாம் இருக்கிற ஓர் ஊருக்கு மகப்பேறு நிலையம் போய்ச் சேர்ந்தது. "எண்ணெய்த் தலைக்கே இன்னும் எண்ணெய் தடவுறாங்கடி" என்று நீ புலம்பியது இப்போதும் காதில் கேட்கிறது.

பிறகு உனக்குக் கல்யாணமாயிற்று. மதுரையிலேயே வீடு, பெரிய ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். வளைகாப்பு முடிந்து உன் அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பியபோது பஸ் ஸ்டாண்டுக்கே வந்து உன்னோடு சண்டை போட்டேன். "நீ வரைஞ்ச படத்த நீயே மறந்துட்டியாடி?" என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "மாமியா வீட்ல காலை நீட்டிப் படுக்க ஏலுமாடி? ஆத்தா மடிதான் வேணும்னு இருக்கு. போயிட்டு வாரேன்" என்றாய்.

வந்தாயா?

ஐப்பசி மழை. வலி எடுக்கும்போது காலை பஸ் போய்விட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன்னால் ஆகாது என்று ஊரில் பிரசவம் பார்க்கும் கிழவி கையை விரித்துவிட்டாள். வண்டி கட்டினார்கள். சக்கரத்தைக் கரிசல் மண் கவ்விக்கொண்டது. "மாட்ட அடிச்சு அடிச்சு எங் கையே வீங்கிப்போச்சுக்கா, வண்டி நகரவே இல்ல" என்று உன் தம்பி என்னிடம் சொல்லி அழுதான். திருச்சுழிக்குக்கூட வந்து சேரவில்லை, நீயும் உன் பிள்ளையும்.

பேராசிரியர் துக்கம் கேட்டார். "எல்லாம் விதிம்மா" என்றார். "விதியில்லைங்கய்யா, நீங்க திருத்தச் சொன்ன கோடு" என்றேன். அதன் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. பேசாவிட்டால் போகட்டும். உன் மேலும் எனக்குக் கோபம்தான். எல்லாம் தெரிந்தவள் நீ. உன் அம்மா மேல் கோபப்படத்தான் முடியவில்லை. அவள் உனக்கு மடி கொடுக்கத்தானே கூட்டிப்போனாள்.

நானும் மதுரையிலேயே வாக்கப்பட்டு உண்டானபோது என் அம்மாவும் சீர்த்தட்டோடு வந்து நின்றாள். வரமாட்டேன், நீ இங்கேயே இரு என்றேன்.

"சம்பந்தி வீட்ல வந்து நான் தங்குறதா? ஊரு என்னடி சொல்லும்?"

"செத்தா மாலை கொண்டாந்து போடும். வேற என்ன செய்யும்?"

உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது அம்மாவும் உன் ஊருக்கு வந்து தெருவில் நின்று அழுதவள்தான். பையைக் கீழே வைத்தாள். பிரசவ வார்டு வராந்தாவில் பாயை விரித்துப் படுத்து, என்னைத் திட்டிக்கொண்டே எனக்குக் கஞ்சி கொடுத்தாள். என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

இந்தக் கோபத்தை இன்னும் எதற்குச் சுமக்கிறாய், விட்டுத்தொலை என்கிறார்கள். விடமாட்டேன். போன மாதம் மாணவிகளோடு உன் ஊருக்குப் போயிருந்தேன். மதுரையிலிருந்து ஒரு பெண் நிறைமாதமாக வந்து இறங்கியிருந்தாள். மருத்துவச்சியம்மா எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டேன். அன்று மகப்பேறு நிலையம் போய்ச் சேர்ந்த அந்தப் பெரிய ஊரின் பெயரைத்தான் சொன்னார்கள்.