ஞாயிற்றுக்கிழமைத் தப்பு

ஆண்டவர் சமுகத்தில் சுகமாக இருக்கும் என் மதினிக்கு,

இன்றைக்கு விடிந்த பிறகும் உங்கள் நாத்தனார் நான் பாயில் புரண்டுகொண்டு கிடந்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், லயத்தில் எல்லா வீடும் அப்படித்தான் கிடந்தது.

விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்க ஆள் எழுப்பத் தப்பு அடிப்பார்களே, நினைவிருக்கிறதா? மற்ற நாளெல்லாம் முதல் ஆளாக ரப்பர் பால்வாளியைத் தூக்கும் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அசையமாட்டீர்கள். "ஓய்வு நாள்ல அடிச்சா அது தப்புதான், பாக்கியம்" என்று சிரிப்பீர்கள். அதற்காகக் கங்காணி நீங்கள் பால் வெட்டும் மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, உங்களைக் கூலி குறைந்த புல் வெட்டுக்கு அனுப்பினான். அண்ணன்கூட, "சாமிக்குத் தெரியாதா நம்ம கஷ்டம்? போயிட்டு வா" என்று கெஞ்சினார். நீங்கள் புல்லை வெட்டினீர்கள், ஞாயிறை விடவில்லை. ஒருநாள் தோட்டமே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சோறு தின்னும், கர்த்தர் அதற்கு ஒரு வேளை வைத்திருக்கிறார் என்பீர்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் நீங்கள் காய்ச்சலில் கண்ணை மூடிய பிறகுதான் அந்த வேளை வந்தது. ரப்பர் விலை விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை யாரும் பால் வெட்டக்கூடாது என்று தோட்டத்துத் துரை உத்தரவு போட்டார். கர்த்தர் துரை வாயால் கட்டளை சொல்லுவார் என்று யார் கண்டது? கூலி குறைந்ததுதான். ஆனால் கோயிலுக்குப் போகிறவர்கள் போனார்கள், நாங்கள் ஜெபத்துக்கு ஈப்போ போனோம், பிள்ளைகள் அப்பன் முகத்தைப் பகலில் பார்த்தார்கள்.

போன வாரம் விலை ஏறிவிட்டது. இனி ஞாயிறும் வேலை, வராதவர்களுக்கு மரம் கிடையாது என்று கங்காணி சொல்லிப் போனான். நேற்று முழுக்கக் கூலியைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். புல் வெட்டுகிற கூலியில் பிள்ளைகளுக்கு எப்படிச் சோறு போடுவேன்? ஆனாலும் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

இன்றைக்குக் காலையில் தப்பு அடித்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. ஒருவருக்கொருவர் சொல்லாமலே எல்லாரும் அதே முடிவுக்கு வந்திருந்தார்கள் போலிருக்கிறது. கங்காணி ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்து கடைசியில் தன் வீட்டு முன்னால் நின்றான். உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி, "நான் வரமாட்டேன்லா. அடுப்புல கோழி வேகுது. நீங்களும் வந்து உக்காருங்க" என்றாள். லயமே சிரித்தது மதினி. அவனும் போய் உட்கார்ந்துவிட்டான். ஓய்வு நாளில் அடுப்பு மூட்டலாமா என்று நீங்கள் அங்கிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

பெரட்டுக் களம் காலியாகக் கிடந்ததைத் துரை பார்த்தார். நாளைக்கு எல்லாரும் வரவேண்டும் என்று மட்டும் ஆபீஸ் கிராணியிடம் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு என்ன செய்வாரோ.

அண்ணன் உங்கள் வேதப்புத்தகத்தை எடுத்து மடியில் தலைகீழாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுத்துத் தெரியாத மனுஷன். நான் திருப்பி வைத்து வாசித்தேன், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். இப்படி ஒரே ஒரு ஞாயிறையாவது நீங்கள் பார்த்திருக்கக் கூடாதா? கர்த்தருடைய வேளை சரியாகத்தான் இருக்கும் என்பீர்கள். இருக்கட்டும், இன்றைக்கு எனக்குச் சண்டை போட மனசில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

வருகிற ஞாயிறும் தப்பு அடிக்கட்டும், நான் எழுந்திருக்கமாட்டேன். மரம் போனால் போகட்டும், நீங்கள் புல் வெட்டிய கத்தி என்னிடம்தான் இருக்கிறது. நேற்றே தீட்டி வைத்துவிட்டேன்.

உங்களைக் கேலி பேசியே காலம் கழித்த நாத்தனார்,
பாக்கியம்