மூன்று பேருக்கான பங்கு

பிப்ரவரி 3, செவ்வாய்

பனி. எட்டு மணி வரை கிரேன் தலை தெரியவில்லை. கோதுமைக் கப்பல், நாள் முழுக்க மூட்டை எண்ணிக்கை. கண் எரிச்சல்.

மத்தியானம் துறைமுக மனமகிழ் மன்றச் செயலாளர் வரதன் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார். ஞாயிறு எண்ணூர்க் கழிமுகத்தில் தூண்டில் போடச் சொல்லித் தருவார்களாம். புதியவர்களுக்கு மட்டும். அவரையும் சேர்த்து ஆறு பேர்.

ஐந்தாவதாக என் பெயரை எழுதினேன். ஏன் என்று தெரியாமல் இல்லை. ஞாயிறுதான் கஷ்டம். போன ஞாயிறு முழுவதும் நான் பேசியது இரண்டே வார்த்தை. ‘மோர்’, ‘போதும்’. இரண்டும் மெஸ்ஸில்.

வரதன் சிரித்தார். “விருதுநகர்க்காரருக்கு மீன் பிடிக்க என்ன சார் தெரியும்?”

தெரியாதுதான். அதனால்தானே எழுதினேன்.

பிப்ரவரி 7, சனி

எடுத்துக்கொள்ள:
பழைய வேட்டி
துண்டு (தொப்பி இல்லை)
கூஜாவில் தண்ணீர்
எலுமிச்சம்பழம் இரண்டு, குமட்டலுக்கு

மெஸ்காரரிடம் சொல்லவில்லை. நான் தங்கியிருப்பது சைவ மெஸ். மீன் என்ற சொல்லே மாடிப்படி ஏறக் கூடாது.

பிப்ரவரி 8, ஞாயிறு

முதல் பாசஞ்சர். எண்ணூரில் இறங்கி மணலில் நடை. படகுக்காரர் பெயர் எல்லப்பன். ஐம்பது இருக்கும். கறுத்த, குட்டையான ஆள்.

படகைத் தள்ளும்போது வரதன் சும்மா இருக்காமல், “எந்தப் பக்கம் போறோம்?” என்று கேட்டுவிட்டார். எல்லப்பன் படகை விட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தார்.

“கெளம்பறவன எங்கன்னு கேக்கலாமா நைனா? எல்லாரும் குந்துங்க.”

ஒரு பீடி தீரும்வரை ஆறு கிளார்க்குகளும் மணலில். பிறகுதான் புறப்பாடு.

ஆளுக்கு ஒரு கட்டை, அதில் சுற்றிய நூல், ஈயக்குண்டு, முள்ளில் உயிர் இறால். “நூலு வெரல் மேல இருக்கணும். கொத்தனா ஒடனே இழுக்காத. துன்னட்டும். துன்னுட்டு ஓடுவான் பாரு, அப்போ இழு.”

இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. யாரும் பேசவும் இல்லை. ஆனால் இது மெஸ் மௌனம் இல்லை. ஏழு பேர் தோள் இடிக்க உட்கார்ந்து ஒரே காரியத்துக்காகச் சும்மா இருக்கிறோம். எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே.

என் நூலில் முதலில் வந்தது கெளுத்தி. ஆசையாகப் பிடித்தேன், அதன் முள் விரலில் ஏறிவிட்டது. உயிர் போகிற வலி. எல்லப்பன் என் கையை இழுத்துப் பிடித்து, ரத்தத்தைப் பிதுக்கி, வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு வைத்தார். நான் அழுதுவிட்டேன். வலியால் என்று நினைத்துக்கொண்டார்கள். இன்னொரு மனுஷர் என் கையைப் பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்று.

கரையில் எல்லா மீனையும் ஒரே குவியலாகக் கொட்டினார். பிடித்தவனுக்குப் பிடித்த மீன் என்று கிடையாதாம். “மீனு புட்ச்சவனுக்கு இல்ல சார். துன்றவனுக்கு. வூட்ல எத்தினி பேரு, சொல்லு.”

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஆறு. நாலு. எட்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சிரிப்பு, ஒரு கேலி. என் முறை வந்தது.

“மூணு பேர்” என்றேன்.

எல்லப்பன் மனைவி தேசம்மா கூடையோடு நின்றிருந்தாள். “கொயந்த ஒண்ணா? பொண்ணா, பையனா?”

“பொண்ணு.”

“இன்னா வயசு?”

“எட்டு.”

“பேரு?”

“மல்லிகா.”

கேட்கக் கேட்க நாக்கு தானாகச் சொல்லிக்கொண்டே போயிற்று. பனையோலையில் ஒரு கொடுவாயும் நாலைந்து கிழங்கானும் கட்டிக் கொடுத்தார்கள். “வர்ற வாரமும் வா சார், புள்ளய இட்டுகினு வா. நா கிளிஞ்ச மால கோத்து வெக்கிறேன்” என்றாள் தேசம்மா.

மீனோடு மெஸ்ஸுக்குள் போக முடியாது. ராயபுரம் ரயிலடியில் இறங்கி ஒரு ரிக்‌ஷாக்காரரிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். “இன்னா சார், ஓசியில குடுக்கறே? கெட்டுப்போச்சா?” இட்லி விற்கும் அம்மாளும் வாங்கவில்லை. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. ராயபுரத்தில் மீனைச் சும்மா கொடுப்பவனை யார் நம்புவார்கள்?

பொழுது சாயக் கடற்கரைக் கல்லின் மேல் நின்று எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டேன். கொடுவாய் கொஞ்ச நேரம் மிதந்தது.

பிப்ரவரி 9, திங்கள்

விரல் வீக்கம். பென்சில் பிடிக்க முடியவில்லை. எண்ணிக்கையில் இரண்டு தடவை தப்பு.

இங்கே யாருக்கும் தெரியாது, ஆகவே இதிலாவது எழுதிவைக்கிறேன். ராஜம் பிரசவத்துக்கு சாத்தூர் போனாள். தந்தி வந்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, இருவருக்கும். பெண் குழந்தை என்று மாமியார் சொல்லித்தான் தெரியும். நான் பார்க்கவில்லை. அடுத்த மாதம் மெட்ராஸ் வந்தேன். எட்டு வருஷம்.

ஆக, வயது பொய்யில்லை.

பிப்ரவரி 11, புதன்

வரதன் தாளோடு வந்தார். “வர்ற ஞாயிறும் உண்டு. குழந்தையைக் கூட்டிட்டு வர்றீங்கதானே?” தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

என்ன சொல்லலாம்:
ஊருக்குப் போயிருக்கிறார்கள். (எத்தனை வாரம்?)
பரீட்சை. (பிப்ரவரியிலா?)
அம்மை போட்டிருக்கிறது.

மூன்றாவதுதான் நல்ல சாக்கு, ஒரு மாதம் தாங்கும். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். வாய் வரவில்லை. இல்லாத பிள்ளைக்கும் அம்மை வரக் கூடாது.

போகாமல் இருந்துவிடலாம். ஆனால் போக வேண்டும் போல் இருக்கிறது. ஒரு பொய்யைச் சொல்லி, போக இருந்த ஒரே இடத்தையும் கெடுத்துக்கொண்டேன். முட்டாள்.

பிப்ரவரி 14, சனி

துணி துவைத்தேன். வீக்கம் வடிந்தது. வேறொன்றுமில்லை. போகப்போகிறேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

தேசம்மா கரையிலேயே நின்றிருந்தாள், கையில் கிளிஞ்சல் மாலை. என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“எங்க சார் புள்ள?”

“இல்லம்மா.”

“வரலியா?”

“இல்ல. புள்ளயே இல்ல. சம்சாரமும் இல்ல. நான் ஒருத்தன்தான்.”

எல்லோர் காதிலும் விழுந்தது. வரதன் மணலைப் பார்த்தார். எல்லப்பன் துடுப்பைக் கீழே வைத்தார்.

“அப்போ மூணு பங்கு வாங்கிகினு போனியே, அத இன்னா பண்ணே?”

சொன்னேன்.

“கடல்லயா? எட்டு பேரு கீற வூட்டுக்கு ஒரு கெயங்கா மீனு கம்மியா குடுத்தேன் அன்னிக்கு, தெரியுமா? பொய் சொல்லி வாங்கிகினு போய்க் கொட்டிட்டு வந்துகீறே. ஏறாத படகுல.”

அவர் சொன்னது நியாயம். ஏறவில்லை. ஐந்து பேரோடு படகு போயிற்று, என் இடம் காலி. ரயில் பதினொன்றுக்குத்தான். மணலில் உட்கார்ந்தேன். என்னைப் போல் அற்பன் இந்தக் கரையில் இல்லை என்று தோன்றியது.

தேசம்மா வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் கழித்து, என் பக்கம் பார்க்காமலே, “கொயந்த பொறக்கவே இல்லியா, பொறந்து போச்சா?” என்றாள்.

தந்தி, சாத்தூர், மாமியார், எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு வருஷத்தில் முதல் தடவை. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“மல்லிகான்னியே, அது வெச்ச பேரா?”

“யாரும் பேர் வைக்கலம்மா. போன ஞாயித்துக்கிழமை நீ கேட்டப்பதான் வெச்சேன்.”

அவள் கை நின்றது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மாலையை என் துண்டின் மேல் வைத்தாள்.

“அதுக்குன்னு கோத்தது. வேற யாருக்கும் குடுக்க மாட்டேன். எட்த்துகினு போ.”

பதினொரு மணி ரயிலை விட்டேன். படகு வந்தது. எண்ணிக்கை கேட்டுப் பங்கு போட்டார் எல்லப்பன். கடைசியில் ஒரே ஒரு கிழங்கானைத் தனியாகத் தள்ளினார். இது யாருக்கு என்றார் வரதன்.

“அதோ குந்திகினு கீறாரே, அவுருக்கு. ஒரு ஆளு பங்கு. இங்கயே ஆக்கித் துன்னுட்டுப் போவட்டும். கையில குடுத்தா இதையும் கடல்ல போட்ருவாரு.”

தேசம்மா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சாப்பிடும்போதும் என்னோடு பேசவில்லை. குழம்பு நல்ல காரம்.

பிப்ரவரி 16, திங்கள்

பனி இல்லை. மாலையை எங்கே வைப்பது என்று ராத்திரி தெரியவில்லை. பெட்டியில் வைத்தேன், எடுத்தேன். காலையில் சட்டை மாட்டும் ஆணியில் மாட்டினேன். சட்டை இப்போது நாற்காலியில்.

தண்ணீர்ப் பானை வைக்க வந்த மெஸ்காரர் நின்று பார்த்தார். “யாரோடது சார் இது?”

“என் பொண்ணோடது” என்றேன்.

சைரன் ஊதிவிட்டது. போக வேண்டும்.