ஜாக்கெட்டுக்குப் போகும் வயர்

திருமயம்
தை 12

அன்புமொழி அப்பாவுக்கு,

செவந்தி எழுதுகிறேன். நானும் பிள்ளையும் அத்தையும் நல்லபடியாக இருக்கிறோம். நீங்கள் நலமா என்று எழுதத்தான் கை வரவில்லை.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன் பேசும்போது அத்தை பக்கத்திலேயே இருக்கிறார்கள். நான் எதையாவது கேட்டால் நீங்களும் சிரித்து மழுப்பிவிடுகிறீர்கள். சரண்யாவின் தம்பி நாளைக்கு உங்கள் போலந்துக்குத்தான் கிளம்புகிறான். அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எனக்கு எல்லாம் தெரியும். உங்கள் அறையில் தங்கியிருக்கும் உதயசூரியன் அண்ணன் தன் மனைவி சரண்யாவிடம் சொல்லிவிட்டார். சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கப் போகும் வழியில், ஓடுகிற வண்டியிலேயே உங்கள் ஜாக்கெட் புகைந்ததாம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கொட்டுகிற பனியில் வெறும் சட்டையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தீர்களாம். "செவந்திகிட்ட மட்டும் சொல்லிராத" என்று அவரிடம் கெஞ்சினீர்களாம். அன்றைக்கு நீங்கள் போன் எடுக்காததற்கு என்னிடம் சொன்ன காரணம், சார்ஜ் இல்லை என்பது.

அதற்குப் பிறகு வீடியோவில் முகத்தை மட்டும்தான் காட்டுகிறீர்கள். நாற்காலியில் ஒருக்களித்தே உட்காருகிறீர்கள். "அப்பா ஏம்மா கோணலா உக்காந்திருக்காரு?" என்று அன்புமொழி கேட்டாள். குளிருக்காக இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

வண்டி பேட்டரியில் கரண்ட் எடுத்துச் சூடாகிற ஜாக்கெட் என்று ஆசையாகப் போட்டோ அனுப்பினீர்களே, அதை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற மெக்கானிக் சார்லஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். இந்த ஊரில் தை மாதமே வேர்க்கிறது, சூடு போடுகிற சட்டையை யார் கண்டார்கள்? ஆனால் அவர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இதுல பியூஸே இல்லையேக்கா. பேட்டரியிலேருந்து நேரா இடுப்புக்கு வயர் போவுது. எங்கயாச்சும் ஒரசி ரெண்டு வயரும் ஒட்டுச்சுன்னா அம்புட்டு கரண்டும் அதுலதான் பாயும். டேங்க் முழுக்க பெட்ரோலு வேற" என்றார். ஜாக்கெட்டைப் போட்டால் ஹெட்லைட் மங்குகிறது என்று நீங்கள் சிரித்தீர்களே, அதையும் சொன்னேன். சின்ன வண்டிக்கு அந்தச் சுமை தாங்காதாம், பேட்டரி இறங்கி நடுவழியில் நின்றுவிடுமாம்.

இத்தனை நாள் உங்களைக் குளிர் எடுத்துக்கொள்ளுமோ என்று பயந்தேன். இப்போது நெருப்புக்கும் பயப்படுகிறேன். அடுப்பில் பிடிதுணி லேசாகக் கருகினாலும் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிடுகிறேன். அத்தையிடம் சொல்லவும் முடியவில்லை.

சரண்யா இன்று காலையில் இன்னொன்றும் சொன்னாள். புது ஜாக்கெட் வாங்கிவிட்டீர்களாம். கருகின அதே வயரில் டேப் சுற்றி மறுபடி மாட்டப்போகிறீர்களாம். அன்புமொழியின் மேல் ஆணை, அந்த வயரைத் தொடாதீர்கள்.

சார்லஸ் பியூஸும், அது உட்காருகிற கூடும், தடித்த வயரும் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார். பியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே போட வேண்டுமாம். "ஜாக்கெட் பக்கம் போட்டுப் புண்ணியமில்லக்கா, கண்டிப்பா சொல்லுங்க" என்று இரண்டு தடவை சொன்னார். உங்களுக்கே தெரியும் என்று நீங்களாகச் செய்ய வேண்டாம். அங்கே ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துப் போடுங்கள். அதுவரை இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பக்கத்து ஆர்டர் மட்டும் எடுங்கள். குறைந்தால் குறையட்டும்.

இதைப் படித்ததும், அத்தை கோயிலுக்குப் போகிற நேரமாகப் பார்த்து எனக்கு வீடியோ போடுங்கள். சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டுங்கள். நான் அழமாட்டேன். எவ்வளவு பெரிய புண்ணாக இருந்தாலும் பார்த்துவிட்டால் தாங்கிக்கொள்வேன். பார்க்காமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

திருமயம் பெருமாள் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும். கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு வரச் சொன்னால் உங்களுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்றுதான் அடித்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். பாருங்கள்.

உங்கள்
செவந்தி