கேப்டன் எங்கே போயிருந்தார்?

ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். புத்தகம் வெளிவந்த வாரத்தில் உனக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

ஒன்பதாம் புத்தகத்துக்கு வந்த வாசகர் கடிதங்களின் நகல்களை இத்துடன் அனுப்புகிறேன். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. பதிப்பக முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. தபால் பையைத் தன் மேசைமேல் கொட்டி, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை.

வழக்கமாகப் பிள்ளைகள் என்ன கேட்பார்கள் என்று உனக்குத் தெரியும். மின்மினி விண்கலத்தில் கக்கூஸ் எங்கே இருக்கிறது, எஞ்சின் பார்க்கிற குண்டூசிக்குக் கல்யாணம் ஆகுமா, இப்படி. இந்தத் தடவை எல்லாரும் கொதிக்கிறார்கள். "குண்டூசிய ஏன் தனியா விட்டீங்க? உங்களுக்கு மனசே இல்லையா?" என்று ஒன்று. "குண்டூசி கொலைகாரி, அவளுக்கு இதுவும் வேணும் இன்னமும் வேணும்" என்று ஒன்று. அதைக் கிழித்துப் போட்டிருப்பேன். கிழித்தால் கணக்கு உதைக்கும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணா, எட்டுப் புத்தகங்களை அச்சுக்குப் போகுமுன் நான் படித்திருக்கிறேன். ஒன்பதாவதை மட்டும் எனக்குக் காட்டாமல் நேரே அச்சகத்துக்கு அனுப்பினாய். ஏன் என்பது நூற்று நாற்பதாம் பக்கத்தில் தெரிந்தது. காற்று இயந்திரத்தின் அலாரம் சும்மா சும்மா கத்துகிறது என்று குண்டூசி அதை நிறுத்திவிட்டுத் தூங்குகிறாள். நோயில் படுத்திருந்த வழிகாட்டி அத்தை மூச்சுமுட்டிச் செத்துப்போகிறாள். கேப்டன் திரும்பி வந்து, குண்டூசியை ஒரு பாழும் கிரகத்தில் இறக்கிவிட்டுக் கலத்தைக் கிளப்பிக்கொண்டு போகிறார்.

சின்ன வயதில் எனக்குக் குண்டூசி என்று பேர் வைத்தது நீ. அம்மா போன அன்று மத்தியானம் அவளுடைய ஆக்சிஜன் இயந்திரத்தின் அலாரத்தை நிறுத்தியது நான். இந்த உலகத்தில் அதை ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னேன்.

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். பேச்சில் உன்னை நான் என்றைக்கும் ஜெயித்ததில்லை. எழுது.

குண்டூசி


ஜூன் 12

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்து வருத்தப்பட்டேன். நீ இவ்வளவு படித்தவள், இவ்வளவு நாளாகப் பதிப்பகத்தில் குப்பை கொட்டுகிறவள், இப்படி எழுதலாமா?

அது கதை. குண்டூசி நீ இல்லை. உன்னை வைத்து ஆரம்பித்தேன் என்பது உண்மை. ஆனால் ஒன்பது புத்தகத்தில் அவள் எங்கேயோ போய்விட்டாள். நீ எப்போதாவது வால்மீனை வெல்டிங் செய்திருக்கிறாயா? ஒரு பெரிய தவறு நடந்தால்தான் கதை நகரும். அதை எல்லாருக்கும் பிடித்த ஆள் செய்தால்தான் படிக்கிறவனுக்கு உறைக்கும். பிள்ளைகள் கோபப்பட்டு எழுதுகிறார்கள் என்றால் புத்தகம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அலாரம் விஷயத்தில் யாரும் உன்னை நினைக்கப்போவதில்லை. உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்? நீயாக முடிச்சுப் போடாதே.

கடிதங்களுக்கு வழக்கம்போல் என் பெயரில் பதில் போட்டுவிடு. "உன் அன்புக்கு நன்றி, அடுத்த பயணத்தில் எல்லாம் தெரியும்" என்று நாலு வரி போதும். எனக்குப் பத்தாம் புத்தகம் தலைக்குமேல் கிடக்கிறது. மருமகளுக்கு என் முத்தங்கள். அவள் புத்தகத்தைப் படித்துவிட்டாளா?

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 20

அண்ணா,

படித்துவிட்டாள். கேட்டாயே, சொல்கிறேன்.

உன் மருமகள் போன சனிக்கிழமை படுக்கையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரே மூச்சில் படித்தாள். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். "அம்மா, இனிமே எனக்குக் குண்டூசியப் பிடிக்காது. அலாரத்த யாராச்சும் ஆஃப் பண்ணுவாங்களாம்மா? அறிவு வேணாம்?" என்றாள். நான் கையில் இருந்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? நீ எழுத்தாளன், நீ சொல்லிக்கொடு.

என்னை அறிவில்லாதவள் என்று என் வீட்டுக்குள்ளேயே சொல்ல வைத்துவிட்டு, முடிச்சுப் போடாதே என்று எனக்குப் புத்தி சொல்கிறாய்.

நடந்ததைச் சொல்கிறேன், உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பதினோரு நாள் இருந்தாள். பதினோரு நாளும் நான். இவர் வேலைக்குப் போகவேண்டும், குழந்தை பள்ளிக்கூடம் போகவேண்டும். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தது, துடைத்தது, குழாயைச் சரிசெய்தது எல்லாம் நான். அந்த இயந்திரம் குழாய் கொஞ்சம் மடங்கினாலும் கத்தும், மின்சாரம் ஏறி இறங்கினாலும் கத்தும். மூன்றாம் நாளே ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். "அது அப்படித்தான் கத்தும்மா, கண்டுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினோராம் நாள் மத்தியானம் அலாரத்தை அமர்த்திவிட்டு அம்மா கட்டிலோரம் தலையைச் சாய்த்தேன். நாற்பது நிமிஷம். எழுந்தபோது முடிந்திருந்தது.

டாக்டர் என்ன சொன்னார் என்பது உனக்குத் தெரியும். அலாரம் அடித்திருந்தாலும் இன்னும் ஒரு நாள், ரெண்டு நாள் என்றார். அது என் மனசுக்குப் போதவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு மாடியில் உன்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, அலாரம் விஷயத்தைச் சொன்னேன். இவருக்குக்கூட இன்றுவரை தெரியாது. நீ என் தலையைத் தடவி, "விடுடி, நீ என்ன செய்வே" என்றாய். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ரெண்டு வருஷம் ஓட்டினேன். ரெண்டு வருஷமும் நீ எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய்.

கடிதங்களுக்குப் பதில் போடச் சொன்னாயே, போடுகிறேன். என்ன எழுதவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

உன் தங்கை


ஜூலை 9

நீ என்ன காரியம் செய்திருக்கிறாய்?

காலையிலிருந்து போன் ஓயவில்லை. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு சிறுமிக்கு என் பெயரில் பதில் போயிருக்கிறது. அவளுடைய டீச்சர் அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுச் சுவரில் மாட்ட, யாரோ படம் எடுக்க, பத்திரிகையின் சிறுவர் பக்கம் வரைக்கும் வந்துவிட்டது. கீழே என் கையெழுத்து. நானே ஏமாந்துபோகிற மாதிரி போட்டிருக்கிறாய்.

"நீ கேட்டது நியாயம். கேப்டன் வந்திருக்க வேண்டும். பதினோரு நாள் அவர் வரவில்லை. தப்பு கேப்டன் மேல்தான். அவருக்குப் பயம். அதை மறைக்கத்தான் குண்டூசிமேல் பழியைப் போட்டார்."

இதை நான் எழுதினேனாம்! நேற்று ஒரு கூட்டத்தில் நாற்பது பெற்றோருக்கு முன்னால் ஒருவர் எழுந்து, "உங்க ஹீரோவையே கோழைன்னு ஒத்துக்கிட்டீங்களே, பெரிய மனசு சார்" என்று கைதட்டுகிறார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பதினான்கு வருஷமாகக் கட்டிய ஒரு பாத்திரத்தை நாலு வரியில் சாய்த்துவிட்டாய். அந்தக் கேப்டனைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உடனே அந்தப் பெண்ணுக்கு எழுது. அலுவலகத்தில் நடந்த பிழை, எழுத்தாளர் அப்படிச் சொல்லவில்லை என்று எழுது. இல்லையென்றால் முதலாளியிடம் பேசவேண்டியிருக்கும். தங்கை என்று பார்க்க மாட்டேன்.

அண்ணன்


ஜூலை 15

அண்ணா,

தங்கை என்று நீ எப்போது பார்த்தாய், இப்போது பார்க்காமல் விடுவதற்கு?

முதலாளியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரம் கத்தினார். அவர் பங்குக்கு அவர். பதில் எழுதுகிற வேலையை என்னிடமிருந்து எடுப்பதா வேண்டாமா என்று உன்னைக் கேட்டு முடிவு செய்வாராம்.

நூற்றுப் பதினொரு பிள்ளைகளுக்கு நீ சொன்ன பொய்யை நீ சொன்னபடியே எழுதினேன். உன் அன்புக்கு நன்றி, அடுத்த பயணத்தில் எல்லாம் தெரியும். கை வலிக்க வலிக்க எழுதினேன். ஒரே ஒருத்திக்கு மட்டும் முடியவில்லை. அவள் கடிதம் உனக்கு அனுப்பிய கட்டிலேயே இருந்தது, நீ பிரித்துப் பார்த்திருக்க மாட்டாய். முழுதாக எழுதுகிறேன், இப்போதாவது படி.

"எழுத்தாளர் மாமாவுக்கு, நான் ஆறாம் வகுப்பு. உங்க ஒன்பதாம் புக்கை மூணு வாட்டி படிச்சேன். எங்க கிளாஸ்ல எல்லாரும் குண்டூசிய திட்டுறாங்க. நான் பக்கத்தை எண்ணினேன். குண்டூசி பதினோரு நாள் தூங்கவே இல்ல. நூத்திப் பத்தாம் பக்கத்துல 'கேப்டன் பதக்கம் வாங்கத் தலைநகரக் கிரகத்துக்குப் போயிருந்தார்'னு ஒரே ஒரு வரி இருக்கு. பதக்கம் வாங்க ஒரு நாள் ஆகும். மீதிப் பத்து நாள் கேப்டன் எங்கே போயிருந்தார்? அத்தைக்கு உடம்பு சரியில்லேன்னு அவருக்குத் தெரியும்தானே? அத நீங்க எழுதவே இல்ல. மறந்துட்டீங்களா?"

பார்த்தாயா? நீ ஊரை ஏமாற்றலாம், பக்கத்தை எண்ணுகிற பிள்ளையை ஏமாற்ற முடியாது. கதைக்காகக் குண்டூசியைத் தனியாக விடவேண்டும், அதற்காகக் கேப்டனை எங்கேயாவது அனுப்பவேண்டும். எங்கே அனுப்புவது என்று யோசித்தபோது உன் கைக்குத் தானாக வந்தது பதக்கம். ஏனென்றால் நீயும் விருது வாங்கத்தான் போயிருந்தாய். விருது விழா திங்கட்கிழமை. அம்மா போனது அடுத்த வாரம் புதன்கிழமை. நடுவில் நான் உனக்குத் தினமும் போன் செய்தேன். ரயிலில் இடம் இல்லை, இடம் இல்லை, இடம் இல்லை.

இத்தனை நாளும் நான் இதைக் கேட்கவில்லை. அலாரத்தை நிறுத்தியவளுக்குக் கேட்க வாயில்லை என்று இருந்தேன். அந்தப் பெண் கேட்டதும்தான் இது கேட்கக்கூடிய கேள்வி என்றே எனக்குத் தெரிந்தது.

பிழை என்று நான் எழுத மாட்டேன். நீ எழுது, உன் கையால். "கேப்டன் மேல் தப்பில்லை" என்று அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதி எனக்கு அனுப்பு. நானே தபாலில் போட்டுவிட்டு, அன்றைக்கே வேலையை விட்டு நின்றுகொள்கிறேன். அப்புறம் உனக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை.

குண்டூசி


ஜூலை 29

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே உட்கார்ந்தேன். கோபம் தலைக்கு ஏறியிருந்தது. "அன்புள்ள சிறுமிக்கு, கேப்டன் மேல் தப்பில்லை, ஏனென்றால்" என்று எழுதினேன். ஏனென்றால் என்பதற்குப் பிறகு வரவில்லை. ஒன்பது புத்தகம் எழுதியவனுக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. புயல் என்று போட்டேன், அடித்தேன். எஞ்சின் கோளாறு என்று போட்டேன், அடித்தேன். எஞ்சின் குண்டூசியிடம் இருக்கிறதே, எப்படிக் கோளாறு வரும்? ரெண்டு வாரமாகக் கூடை நிறையக் காகிதம்.

ரயிலில் இடம் இருந்தது. டிக்கெட் எடுத்தேன், பெட்டி கட்டினேன். ரெண்டு தடவை நிலையம் வரைக்கும் போனேன். ரெண்டு தடவையும் ரயில் கிளம்புவதை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மூக்கில் குழாயோடு அம்மாவைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான். இதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

மாடியில் நீ அலாரத்தைப் பற்றிச் சொன்னபோது உன் தலையைத் தடவினேனே, அப்போது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அப்பாடா, தப்பு இவள்மேல் இருக்கிறது என்று. அந்த நிம்மதியைத்தான் ரெண்டு வருஷம் உட்கார்ந்து புத்தகமாக எழுதியிருக்கிறேன். எழுதும்போது தெரியவில்லை என்று சொல்லலாம். பாதி தெரிந்தது. அதனால்தான் உனக்குக் காட்டவில்லை.

அந்தப் பெண்ணுக்கு எழுதிவிட்டேன், நேரே அவள் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிட்டேன். "முன்பு வந்த பதிலில் இருந்தது அத்தனையும் உண்மை. கேப்டன் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்" என்று. முதலாளியிடமும் பேசிவிட்டேன், பதில் எழுதும் வேலை உன்னுடையதுதான். பத்தாம் புத்தகத்தில் கேப்டன் பாழும் கிரகத்துக்குத் திரும்பிப் போய்க் குண்டூசியை அழைத்து வருவார். மூன்று அத்தியாயம் முடித்துவிட்டேன். பிரமாதமாக வந்திருக்கிறது, இந்தத் தடவை முதலில் உனக்குத்தான் அனுப்புவேன்.

இப்போது திருப்திதானே?

அண்ணன்


ஆகஸ்ட் 11

அண்ணா,

உன் கடிதத்தை இவரிடம் கொடுத்தேன், படித்தார். பிறகு உன் மருமகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பாட்டி இயந்திரத்தின் அலாரத்தை நிறுத்தியது நான்தான் என்று சொன்னேன். "அன்னிக்கு நான் ஸ்கூல்லேர்ந்து வரும்போது நீ தரையில உக்காந்திருந்தியே, அப்பவா?" என்றாள். ஆமாம் என்றேன். வந்து மடியில் படுத்துக்கொண்டாள். ரெண்டு பேரும் அழுதோம். இதை உன் புத்தகத்தில் போட்டாயானால் உன்னைச் சும்மா விட மாட்டேன்.

பத்தாம் புத்தகத்தை எனக்கு அனுப்பாதே. திருப்தியா என்று கேட்கிறாய். இல்லை. கோபம் அப்படியேதான் இருக்கிறது. உன் கடிதத்தை நாலு முறை படித்தேன், எதையோ தேடிக்கொண்டே படித்தேன். என்ன என்று பிடிபடவில்லை. நேற்று அந்தப் பெண்ணிடமிருந்து உனக்குப் பதில் வந்தது. உன் பெயருக்கு வந்ததைப் பிரிப்பது என் வேலை, பிரித்தேன். மூன்றே வரி. இதற்கு உன் பெயரில் நான் பதில் போட முடியாது.

"எழுத்தாளர் மாமாவுக்கு, உங்க லெட்டர் கிடைச்சது. தேங்க்ஸ். ஆனா என்கிட்ட எதுக்கு மன்னிப்புக் கேக்குறீங்க? குண்டூசிகிட்ட கேட்டீங்களா?"

உன் தங்கை