மாமனாருக்கும் மருமகளுக்கும் ஒரே சென்ட்

அது என்னுடைய சென்ட் என்று அன்று நான் சொல்லவில்லை, மாமா. இன்று காலை புதுப் புட்டி ஒன்றைத் திறந்தேன். எலுமிச்சை இலையைக் கசக்கியதுபோல் அந்த வாசனை எழுந்ததும், தியாகதுருகத்து வீட்டில் சலவை வேட்டியோடு நீங்கள் திருதிருவென விழித்து நின்றது நினைவுக்கு வந்தது. தனியாகச் சிரித்தேன்.

கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். மாமனாரிடம் மருமகள் நேராகப் பேசும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. எதுவானாலும் அத்தை வழியாகத்தான் போக வேண்டும். கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளி நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்றிருந்தார்கள். அத்தையோ, "அவரு ஒத்துக்க மாட்டாரும்மா" என்று பேச்சை அடுப்படியிலேயே நிறுத்திவிட்டார். உங்கள் மகன், "நீயே அப்பா கிட்ட கேளேன்" என்று நழுவிவிட்டார். நீங்கள் எதிரில் வந்தாலே நான் அடுப்படிக்குள் நுழைந்துவிடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை களமருதூரில் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பெரியவராகத் தட்டு மாற்ற வேண்டியவர் நீங்கள். சவரம் முடித்ததும், கண்ணாடிக்குக் கீழே இருந்த என் பச்சைப் புட்டியை மகனுடைய ஷேவிங் லோஷன் என்று நினைத்துவிட்டீர்கள். அதில் பூவும் இல்லை, பெண் படமும் இல்லை. உங்களைக் குறை சொல்ல முடியாது. கன்னம், கழுத்து, தோள் துண்டு என்று தாராளமாகப் பூசிக்கொண்டு வந்தீர்கள்.

"இன்னாய்யா இது, புல்லுக்கட்டுல பொரண்டுகினு வந்தியா?" என்றார் அத்தை.

"சோப்பு கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுட்டேன்."

"நம்ம வூட்டு சோப்பு எனக்குத் தெரியாது பாரு. நிச்சயம் யாருக்கு, ஒனக்கா?" அத்தை என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஒன்னுதா இது?"

ஆமாம் என்றால் உங்களைக் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும். நீங்கள்தான் கனைத்துக்கொண்டீர்கள்.

"மருமவளுதாதான் இருக்கும். தெரியாம எடுத்துட்டேன். ஆனா நல்லாகீது. கச்சிராயபாளையம் தாண்டி மல ஏறும்போது, மழ வுட்டதும் ஒரு வாசன வருமே, அதாட்டம்."

அதேதான், மாமா. மல்லிகையைப்போல் ஊரைக் கூட்டாது, அத்தரைப்போல் அதட்டாது. முதலில் கசக்கிய இலை. கொஞ்ச நேரத்தில் அரிந்த வெள்ளரிக்காயின் ஈரம். வெயில் ஏறியதும் வெட்டிவேர். ஆணுக்கு, பெண்ணுக்கு என்று பிரித்துக்கொள்ளத் தெரியாத வாசனை. நீங்கள் கல்வராயன் மலையைச் சொன்னதும் சிரித்துவிட்டேன். உங்கள் முன்னால் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"எங்கம்மா வாங்குன?" என்று நேராக என்னையே கேட்டீர்கள்.

"கள்ளக்குறிச்சிலங்க மாமா." அதே மூச்சில் மீதியும் வந்துவிட்டது. "அங்க ஸ்கூல் லைப்ரரில எனக்கு வேல கெடச்சிருக்குங்க. நாளைக்கு சேரணும்."

"நாளைக்கா? என் கிட்ட யாரும் சொல்லலியே."

"சொன்னா நீ வேணான்னுவ," என்றார் அத்தை.

"நான் எப்ப வேணான்னேன்? என்னைக் கேட்டாதான?"

"வூட்டு வேலய யாரு பாக்கறது?"

"போன வருசம் யாரு பாத்தா? நீதான? இப்ப நானும் பாக்கறேன்."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நீ பாக்கற லட்சணம்."

களமருதூரில் சம்பந்தி வீட்டார் அந்த சென்ட்டின் பேரை விசாரித்தார்களாம். அதன்பிறகு எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும், "யம்மா, அந்த மல வாசனய எடு" என்று கூடத்திலிருந்து குரல் கொடுப்பீர்கள். இப்போது நீங்கள் இல்லாமல் ஒரு புட்டி எனக்கு அதிக நாள் வருகிறது. அது ஒன்றுதான் பிடிக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை நீங்களே வண்டியில் கூட்டிவந்து என்னைப் பஸ் ஏற்றிவிட்டீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்தேன்.